எம்.ஜி.ஆரின் 'கலை அரசி': நம்பியார் ஏலியனா வந்த படத்தை இன்னிக்கும் ஏன் பார்க்கலாம்?

ஏலியன் பூமிக்கு வந்தா என்ன கேட்கும்? ஹாலிவுட்டைக் கேட்டா தண்ணி, கனிமம், மொத்த பூமின்னு லிஸ்ட் நீளும். நம்ம நம்பியார் தேடி வந்தது ஒரு பாட்டு டீச்சரை!

ஏ.காசிலிங்கம் இயக்கி 1963 ஏப்ரலில் வந்த படம். விஞ்ஞானத்தில் எங்கேயோ போய்விட்ட ஒரு கிரகத்தில் ஆடவோ பாடவோ ஆளில்லை. அதனால் தின்னா என்ற வேற்றுக்கிரகவாசி (நம்பியார்) பறக்கும் தட்டில் வந்து, நன்றாகப் பாடும் வாணியை (பானுமதி) தூக்கிட்டுப் போயிடுறார். மீட்க மோகன் (எம்.ஜி.ஆர்) விண்வெளிக்கே கிளம்புறார்.

டைமிங்கை கவனிங்க. ககாரின் போய் ரெண்டே வருஷம். நிலாவில் மனுஷன் கால் வைக்க இன்னும் ஆறு வருஷம் இருக்கு. முதல் பெண்ணா வாலன்டினா தெரஷ்கோவா விண்ணுக்குப் போனது அந்த ஜூன்லதான். அதாவது, பானுமதி ரெண்டு மாசம் முன்னாடியே போயிட்டாங்க!

செட், உடையெல்லாம் இன்னிக்கு மீம் மெட்டீரியல்தான். மறுக்கலை. ஆனா கிராஃபிக்ஸ் பழசாகும். 'எல்லாம் கண்டுபிடிச்சாச்சு, பாட மட்டும் தெரியலை' என்ற ஐடியா பழசாகலை. ஏ.ஐ. பாட்டு போடுற இந்தக் காலத்தில் அது இன்னும் நல்லாவே உறைக்குது.

சில வருஷம் முன்னாடி மாஞ்சோலைக்கு மேலே, நாலுமுக்கில் நண்பனோட லயன் வீட்டில் தங்கியிருந்தேன். வெளியே விடாத மழை. சிக்னல் சுத்தமா இல்லை. போனில் டவுன்லோடு பண்ணி வச்சிருந்த இந்தப் படத்தைப் போட்டோம். நாங்க சிரிச்சுக்கிட்டே இருந்தோம். காலமெல்லாம் கொழுந்து பறிச்ச அவனோட ஆச்சி சிரிக்கலை.

"அங்கன எல்லா வசதியும் இருக்குல்லா ஆச்சி, அவ ஏன் அழுதா?"ன்னு நண்பன் கிண்டலா கேட்டான்.

"வசதி இருந்தா? அது அவ ஊராலே?"

1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காடு அது. குத்தகை முடிய 2028 வரை இருந்தும், 2024-லேயே தோட்டத்தை மூடும் முடிவு வந்து, தொழிலாளர்கள் விருப்ப ஓய்வுப் படிவத்தில் கையெழுத்து போட்டாங்க. நண்பன் குடும்பமும் கீழே இறங்கிடுச்சு. இப்போ அம்பாசமுத்திரம் பக்கம் வாடகை வீடு. ஃபேன் இல்லாம தூங்க முடியலையாம்.

போன வாரம் ஆச்சி அந்தப் படத்தை மறுபடி போடச் சொன்னாங்களாம். முழுசா வேண்டாம், அவ ஊர் திரும்புற இடம் மட்டும் போதும்னு.