சர்க்கரை தீர்ந்த பிறகு

பலாப் பருவத்தில் கொல்லிமலைச் சோளக்காடு சந்தைக்குப் போனால் மூக்குக்கு இரண்டு வேலை. ஒன்று, பழுத்த சுளையின் மணம். இன்னொன்று, அடிபட்டு வெடித்து ஓரமாகக் கிடக்கும் பழத்திலிருந்து வரும் புளித்த நெடி. கொஞ்சம் சாராய வாடையும் இருக்கும். அந்த இரண்டாவது வாடை ஈஸ்ட்களின் கைவரிசை.

புளிக்கும் பழத்தில் பல வகை ஈஸ்ட்கள் குடியேறும். சாராயம் ஏற ஏற மற்றவை ஓய்ந்துபோக, கடைசிவரை தாக்குப்பிடிப்பதில் பேர்பெற்றது சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ரொட்டி மாவை உப்பவைப்பதும் இதுதான். ஒரு செல்லின் குறுக்களவு சுமார் 5 மைக்ரான். கண்ணும் நாக்கும் கிடையாது. ஆனாலும் வெளியே சர்க்கரை இருக்கிறதா, எந்தச் சர்க்கரை, எவ்வளவு என்பதெல்லாம் அதற்குத் தெரியும்.

செல்லின் மேலுறையில் சர்க்கரையை உள்ளே கடத்தும் புரதங்கள் உண்டு. அந்தக் குடும்பத்தில் மொத்தம் 20 பேர். அதில் ஸ்னஃப்3, ஆர்ஜிடி2 என்ற இரண்டு மட்டும் விசித்திரமானவை: பார்க்க வாசற்கதவு மாதிரி இருக்கும், ஆனால் எதையும் உள்ளே விடாது, அழைப்புமணியாக மட்டும் வேலை பார்க்கும். குளுக்கோஸ் நிறைய இருந்தால் ஆர்ஜிடி2 உணரும், சொற்பமாக இருந்தால் ஸ்னஃப்3. செய்தி உள்ளே போனதும் நடப்பது சுவாரசியமானது. கடத்திகளுக்கான மரபணுக்களின்மேல் ஆர்ஜிடி1 என்ற புரதம் உட்கார்ந்து அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. செல், இந்த ஆர்ஜிடி1-இன் கூட்டாளிகளை உடைத்துச் சிதைக்கிறது. துணை போனதும் அது எழுந்துகொள்ள, மரபணு இயங்கத் தொடங்குகிறது. தூண்டிவிடுவதற்குப் பதில், தடுப்பவரைத் தடுக்கும் வழி. சுற்றுவழியாகத் தோன்றினாலும் ஈஸ்டுக்கு இது மிகவும் பிடித்த முறை.

பலாச்சுளையில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ் மூன்றும் உண்டு. குளுக்கோஸ் தாராளமாக இருக்கும்வரை மிக்1 என்ற புரதம் உட்கருவுக்குள் இருந்து மற்றச் சர்க்கரைகளுக்கான மரபணுக்களை மூடிவைக்கும். குளுக்கோஸ் குறைந்ததும் ஸ்னஃப்1 என்ற நொதி விழித்து, மிக்1 மீது பாஸ்பேட்டை ஒட்டி, சில நிமிடங்களில் வெளியே அனுப்பிவிடும். (நம் உடல் செல்களிலும் ஸ்னஃப்1-இன் உறவு உண்டு. ஏஎம்பிகே என்ற அந்த நொதியைச் சர்க்கரை நோய் ஆய்வாளர்கள் விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.) பிறகு சுக்ரோஸை உடைக்கும் இன்வெர்டேஸ் உருவாகும். அது செல்லுக்கு வெளியே வேலை செய்வதால், உடைத்த சர்க்கரையில் உடைத்தவருக்குக் கிடைப்பது நூற்றில் ஒரு பங்கு அளவுதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மிச்சமெல்லாம் அக்கம்பக்கத்தாருக்கு!

எனக்குப் பிடித்தது கேலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரையின் கதை. கேல்4 என்ற புரதம் கேலக்டோஸ் மரபணுக்களின் வாசலிலேயே தயாராக நிற்கும். ஆனால் கேல்80 அதைக் கட்டிப்பிடித்து வாயடைத்திருக்கும். கேலக்டோஸ் வந்தால் விடுவிப்பது கேல்3. எப்படி? கேல்3 ஏதோ ஒரு தூண்டு பொருளைத் தயாரிக்கிறது என்றே முதலில் நம்பினார்கள். 1992இல் பி.ஜே. பட், ஜேம்ஸ் ஹாப்பர் இருவரும் கேல்3-ஐ அளவுக்கு மீறி உற்பத்தி செய்யவைத்துப் பார்த்தார்கள். கேலக்டோஸ் துளிகூட இல்லாமலே மரபணுக்கள் விழித்துக்கொண்டன! கேல்3 எதையும் தயாரிக்கவில்லை. தானே நேரடியாகத் தலையிடுகிறது என்ற புதிய விளக்கம் அங்கே பிறந்தது. கேலக்டோஸைப் பற்றிக்கொண்ட கேல்3, கேல்80-ஐப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. விலங்கு கழன்ற பிறகு இம்மரபணுக்களின் செயல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு உயரும். பட் பின்னர் மும்பை ஐஐடியில் இதே ஏற்பாட்டைத் தொடர்ந்து ஆராய்ந்தார்; 2008இல் இதைப்பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

சரி, காற்று தாராளமாக இருக்கும்போதும் ஈஸ்ட் ஏன் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது? ஆக்சிஜனோடு எரித்தால் பல மடங்கு ஆற்றல் கிடைக்குமே. இங்கேயும் பூட்டுதான் காரணம்: குளுக்கோஸ் மிகுதி, சுவாச மரபணுக்களையும் அடக்கிவிடுகிறது. ஊதாரித்தனம் என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரை வேகமாகக் காலியாகிறது, போட்டியாளர்கள் சாராயத்தில் தள்ளாடுகிறார்கள். குளுக்கோஸ் தீர்ந்ததும் அதுவரை மூடிக்கிடந்த ஏடிஎச்2 மரபணு திறக்கும். அதன் நொதி சாராயத்தைத் திருப்பி மாற்ற, ஈஸ்ட் அதையே உணவாக்கி ஆக்சிஜனோடு எரிக்கும். அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டால் மட்டும் சேமிப்பெல்லாம் வினிகராகிவிடும்.