ஐஸ் பெட்டியில் ஒளிந்திருந்த அனல்!

சித்திரை பிறந்தால் மயிலாப்பூர் மாட வீதிகளில் நடமாட முடியவில்லை. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வீட்டுக்கு வீடு ஏர்கண்டிஷனர் ஓயாமல் உறுமுகிறது. இப்படி நம்மைக் குளிர்விக்க வந்த வாயுவே பூமியைச் சூடேற்றும் என்று உலகுக்கு எடுத்துக் காட்டியவர் ஒரு தமிழர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்தான் வீரபத்ரன் ராமநாதன். 1965-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் இஞ்சினீயர் பட்டம் பெற்றவர். பிறகு சிக்கந்தராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். பெட்டியிலுள்ள வாயு ஏன் கசிந்து போகிறது என்று கண்டுபிடிப்பதே வேலை. அதில் மனம் ஒட்டவில்லை. பெங்களூரில் மேற்கொண்டு படித்து, அமெரிக்கா சென்று, பிற கிரகங்களின் காற்று மண்டலத்தை ஆராய்ந்து 1974-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பது புதிய சேதியல்ல. 1859-ல் டிண்டால் என்ற விஞ்ஞானி அதைச் சோதித்துக் காட்டினார். நிலக்கரியை எரித்துக்கொண்டே போனால் பூமியின் உஷ்ணம் உயரும் என்று 1896-ல் சுவீடன் நாட்டு அர்ரீனியஸ் கணக்கிட்டார். 1958-ல் ஹவாய்த் தீவின் மலையில் கீலிங் அளந்தபோது காற்றில் 10 லட்சத்துக்கு 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்றோ 420-ஐத் தாண்டிவிட்டது!

ஆனால், குற்றவாளி அது ஒன்றுதானா? குளிர்சாதனப் பெட்டிகளில் அடைத்த குளோரோஃப்ளூரோ கார்பன் வாயு, வானத்தின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-ல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். அது ராமநாதனுக்குப் பழக்கமான வாயு அல்லவா? அதற்கு வெப்பத்தைப் பிடிக்கும் குணமும் உண்டா என்று கணக்குப் போட்டார். விடை அவரையே திகைக்க வைத்தது. ஒரு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு வைத்துப் பார்த்தால், கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிமை! 1975-ல் 'சயன்ஸ்' இதழில் அது வெளியாயிற்று.

பூமி சூடாவது 2000-ம் ஆண்டுக்குள் கண்கூடாகத் தெரியும் என்று 1980-ல் மாடன் என்பவருடன் சேர்ந்து அவர் கூறினார். சென்ற ஐம்பதாண்டு வெப்பத்தில் பெரும் பகுதி மனிதன் வெளியிட்ட வாயுக்களின் விளைவாகவே இருக்கக்கூடும் என்று 2001-ல் ஐ.நா. விஞ்ஞானிகள் குழு அறிவித்தது.

ஓசோனைக் காக்க 1987-ல் மாண்ட்ரீலில் உடன்படிக்கை ஏற்பட்டது. பழைய வாயு படிப்படியாக ஒழிந்தது. அதற்குப் பதிலாக வந்தவற்றுள் பல ஓசோனுக்குத் தீங்கு செய்யாவிட்டாலும் வெப்பத்தைப் பிடிப்பதில் சளைத்தவை அல்ல. அவற்றையும் குறைக்க 2016-ல் கிகாலியில் நாடுகள் இசைந்தன.

உடன்படிக்கை எங்கோ இருக்கட்டும். நம் வீட்டு ஏர்கண்டிஷனரில் குளிர் குறைந்தால், "காஸ் போட்டுவிடப்பா" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறோம். முதலில் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிட அனுமதிக்காதீர்கள். பணமும் மிச்சம், பூமிக்கும் புண்ணியம்!