மோகம் பரவும் விதம்

ஒரு பொருளின்மீது மக்களுக்குத் திடீரென்று ஆசை பெருகுவதும், சில ஆண்டுகளில் அந்த ஆசை சுவடின்றி மறைவதும் உலகெங்கும் காணும் நிகழ்ச்சியாகும். இத்தகைய மோகங்கள் எங்ஙனம் பிறக்கின்றன? எவ்வாறு பரவுகின்றன?

கொச்சியின் மட்டாஞ்சேரி, மிளகும் ஏலமும் சுக்கும் பல நூற்றாண்டுகளாகக் கைமாறிய கடைவீதி. 1663-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியதும் மிளகு வாணிகத்தை நாடியே. கணக்கில் வல்லவரான அவர்களையும் மோகம் விட்டுவைக்கவில்லை. அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பு அவர்தம் நாட்டில் டூலிப் என்னும் பூச்செடியின் கிழங்குகள் மிகுந்த விலைக்கு விற்றன. 1637 பிப்ரவரியில் அவ்விலை சரிந்தது.

மட்டாஞ்சேரியின் நறுமணப் பொருள்கள் விளையும் கேரள மண்ணிலேயே, நம் காலத்தில் அத்தகைய மோகம் ஒன்று தோன்றியது. அதுவே வனிலா மோகம்.

வனிலா, மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட கொடி. அதன் மலர் ஒரே நாளில் வாடிவிடும். அதற்குள் கையால் மகரந்தம் சேர்த்தால்தான் காய் பிடிக்கும். ரீயூனியன் தீவில் அடிமையாய் இருந்த எட்மண்ட் அல்பியஸ் என்ற சிறுவன் 1841-இல் எளிதாகச் செய்துகாட்டிய முறை இது. பிற்காலத்தில் மடகாஸ்கர் தீவே உலகிற்குப் பெரும்பகுதி வனிலாவை அளித்து வந்தது. 2000-ஆம் ஆண்டில் அத்தீவைப் புயல் தாக்கிற்று. விளைச்சல் குன்றியது, பதப்படுத்திய காயின் விலை 2003-ஐ ஒட்டிக் கிலோவுக்கு ஏறத்தாழ 500 டாலர் வரை ஏறியது.

மோகத்தின் வித்து பெரும்பாலும் உண்மையே என்பதை இங்கே காண்கிறோம். புயலும் மெய், விலையும் மெய். ஆனால் அது பரவும் வழி வேறு. அயலார் தோட்டத்தில் விளைந்த இலாபத்தைக் கண்ட உழவர், மிளகும் கமுகும் நின்ற இடத்தில் வனிலாவை ஏற்றினர். கொடித் துண்டுகளுக்கே பெருவிலை கிடைத்தது. அதாவது, காயை உண்போர் தந்த பணத்தைவிட, புதிதாகப் பயிரிட வந்தோர் தந்த பணமே முன்னோடிகளின் பையை நிறைத்தது. திருடருக்கு அஞ்சி இரவில் கொடிக்குக் காவல் இருந்தோரும் உண்டு.

கொடி காய்க்க மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் மடகாஸ்கர் மீண்டெழுந்தது. விலை தாளாத ஆலைகள் செயற்கை மணப்பொருளை நாடின. 2005 அளவில் உலக விலை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. கடைசியில் நட்டவர் கையில் கொடியும் கடனுமே எஞ்சின. 2017-இல் மற்றொரு புயல் மடகாஸ்கரைத் தாக்கியபோது விலை மீண்டும் ஏறிப் பின்னர் இறங்கியது.

தமிழகமும் இதற்கு விலக்கன்று. கொங்கு நாட்டில் 2012-இல் சரிந்த ஈமு வளர்ப்பில் குஞ்சு விற்றவர் பிழைத்தார். முட்டைக்கும் இறைச்சிக்கும் சந்தையைத் தேடியவர் தவித்தார்.

ஆகவே, எல்லோரும் ஒரு திசையில் ஓடும் வேளையில் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இதை வாங்குவோர் இதனைப் பயன்படுத்துவோரா, அன்றி நம்மைப் போல் விற்கக் காத்திருப்போரா? பின்னதே விடையாயின், அங்கே விளைவது பயிரன்று; மோகமே.