ஒளி பட்டால் இளகும் சர்க்கரை ஜெல்

தலைகீழாக நிற்கும் இந்தக் குப்பியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஆனாலும் ஒரு சொட்டுகூடக் கீழே வரவில்லை. எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான மூலக்கூறுகள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன.

ஒவ்வொரு மூலக்கூறின் முனையிலும் சர்க்கரை; நடுவில் அசோபென்சீன் என்ற ஆரஞ்சு நிறப் பொருள். சூடான நீரில் கரைத்து ஆறவிட்டால், தட்டையான அசோபென்சீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. சர்க்கரையின் ஹைட்ராக்சில் தொகுதிகள் அக்கம்பக்க மூலக்கூறுகளையும் நீரையும் ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இழைகள் தாமாகவே உருவாகி, வலையாகப் பின்னிக்கொண்டு நீரைப் பிடித்துவைக்கின்றன; இதுதான் ஜெல்.

புற ஊதா ஒளி பட்டதும் அசோபென்சீன் வளைகிறது. முனைக்கு முனை சுமார் 9 ஆங்ஸ்ட்ராம் இருந்த நீளம் 5.5 ஆகச் சுருங்குகிறது. வளைந்தது அடுக்கில் பொருந்தாது. இழை கலைகிறது, ஜெல் இளகுகிறது. நீல ஒளியிலோ வெப்பத்திலோ மூலக்கூறு மறுபடி நிமிரும். இந்த வளைந்த வடிவத்தை 1937-இல் கண்டறிந்தவர் பிரிட்டனின் ஜி. எஸ். ஹார்ட்லி.

வடிவமைப்பில்தான் உண்மையான சவால். நீர்நாட்டம் கூடினால் மூலக்கூறு கரைந்தே போகும். குறைந்தால் அடியில் படிந்துவிடும். குளுக்கோசுக்கும் காலக்டோசுக்கும் உள்ள வேறுபாடு ஒரேயொரு ஹைட்ராக்சிலின் திசை மட்டுமே. அதுகூட ஜெல் உறைவதையும் உறையாததையும் தீர்மானிக்கலாம். 2002-இல் ஜப்பானின் செய்ஜி ஷிங்காய் குழுவினர், இத்தகைய அசோபென்சீன்–சர்க்கரை மூலக்கூறுகள் நீரை ஜெல்லாக உறையவைப்பதை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர்.

ஜெல் ஒளி படும் பக்கத்திலிருந்தே இளகும், பொறுமையாகக் கவனியுங்கள். புற ஊதா விளக்கை நேராகப் பார்க்க வேண்டாம்.