படைப் பயிற்சி மாணவரும் பதிவேடும்

மதுரையினின்று திருமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது கப்பலூர். அவ்வூர் இளைஞன் ஒருவன் பதினெட்டு வயது நிரம்பியதும் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கலாம். ஆனால், போர் மூண்டால் அழைத்துக்கொள்வதற்கென ஆடவர் பெயரையெல்லாம் எழுதிவைத்த பதிவேடு நம் நாட்டில் இல்லை. படையிற் சேர்தல் இங்கு அவரவர் விருப்பமே.

எல்லா நாட்டிலும் இவ்வாறன்று. சிங்கப்பூரில் 1967 முதல் கட்டாயப் படைச்சேவை நடைபெற்று வருகிறது. அந்நாட்டுக் குடிமக்களாகிய தமிழர்தம் மைந்தரும் அதற்கு உரியரே. அமெரிக்காவில் கட்டாயச் சேர்ப்பு 1973-இல் நின்றது; எனினும், பதினெட்டு வயதுற்ற ஆடவர் பெயரைப் பதிந்துவைக்கும் முறை 1980-இல் மீண்டும் தொடங்கிற்று.

ஈண்டு ஓர் ஐயம் எழும். படைக்கல்லூரியிலேயே பயில்பவனும் அப்பதிவேட்டில் பெயர் சேர்த்தல் வேண்டுமோ? வேண்டா. பதிவேடு, படைக்கு வெளியே நிற்பவரை அறிதற்கு ஏற்பட்டது. வெஸ்ட் பாயிண்ட் கல்லூரி மாணவனோ முன்னரே படையைச் சார்ந்தவன். வீட்டினுள் இருப்பவனை வாயிலில் நின்று கூவி அழைப்பார் உண்டோ? அவன் இருபத்தாறு வயதிற்குள் கல்லூரியை விட்டு நீங்கின், முப்பது நாளில் பதிந்துகொள்ளல் வேண்டும். பிற கல்லூரிகளில் பயின்றுகொண்டே படைப்பயிற்சி பெறுவோருட் பெரும்பாலோர்க்கு இவ்விலக்கு இல்லை.

நம் நாட்டில் 1955-இல் முறைப்படி திறக்கப்பெற்ற கடக்வாசலாப் பயிற்சிக் கழகத்திலோ, 1963-இல் சென்னைப் பரங்கிமலையில் தோன்றிய அதிகாரிகள் பயிற்சிக் கழகத்திலோ சேர்பவன் தானே விரும்பிச் சேர்கிறான். இடையில் தன் விருப்பால் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தருதல் வேண்டும். வேறு பதிவேடு எதுவும் அவனை எதிர்நோக்குவதில்லை.

தேசிய மாணவர் படையில் மகன் சேர்ந்தால் அவனைப் போர்முனைக்கு அனுப்பிவிடுவரோ எனப் பெற்றோர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் வேண்டுவதின்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அப்படையின் மாணவர்க்குப் போர்ப்பணிக் கடமை கிடையாது. 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரை அடுத்து, 1963-இல் கல்லூரி மாணவர்க்கு அப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968-இல் மீண்டும் விருப்பத்திற்கு விடப்பட்டது. அக்கட்டாயமும் பயிற்சிக்கே அன்றிப் போருக்கு அன்று.

எனினும், பொதுநன்மைக்காகக் கட்டாயச் சேவை விதிக்கும் உரிமையை நம் அரசமைப்பின் 23-ஆம் பிரிவு அரசுக்கு அளித்துள்ளது. அங்ஙனம் விதிக்குங்கால் சமயம், இனம், சாதி, வகுப்பு ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு வேற்றுமை காட்டலாகாது என்றும் அது கூறுகிறது. 1965, 1971 ஆகிய ஆண்டுப் போர்களிலும், ஆட்களைக் கட்டாயமாகப் படையிற் சேர்க்க அவ்வுரிமை பயன்படுத்தப்படவில்லை. அப்போர்களில் நின்றவர் தாமே முன்வந்து சேர்ந்தவர்.