நாளைக் காலைக்குள் பணம்

ஒரு விமான நிறுவனம் இருக்கிறது. எரிபொருள் விலை ஏறினால் டிக்கெட் விற்ற லாபமெல்லாம் டேங்குக்குள் போய்விடும். அதனால் ஒரு வங்கியிடம் போய், “வருகிற வருஷம் முழுக்க இதுதான் விலை” என்று இப்போதே பேசி முடிக்கிறது. விலை ஏறினால் வித்தியாசத்தை வங்கி தரும். இறங்கினால் நிறுவனம் தரும். இதற்குப் பெயர் ஸ்வாப். டெரிவேட்டிவ் குடும்பத்தில் ஒரு பிள்ளை. எண்ணெய் ஒரு சொட்டுகூடக் கை மாறுவதில்லை, பணம்தான் மாறும்.

2008 வரை இத்தகைய ஸ்வாப் ஒப்பந்தங்களில் பெரும்பகுதி வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் நேரடியாக முடிந்தது. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. ஏஐஜி என்ற இன்சூரன்ஸ் நிறுவனம், கடன் வாராவிட்டால் நாங்கள் தருகிறோம் என்று வங்கிகளுக்கு வாக்குக் கொடுத்துக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தது. உயர்ந்த ரேட்டிங் இருந்ததால் ஆரம்பத்தில் யாரும் அதனிடம் ஈடு கேட்கவில்லை. 2008 செப்டம்பரில் ரேட்டிங் இறங்கியது. எல்லாரும் ஒன்றாக வந்து கதவைத் தட்டினார்கள். அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலரோடு ஓட வேண்டியதாயிற்று.

அதே வாரம் லேமன் பிரதர்ஸும் சாய்ந்தது. ஆனால் அதன் வட்டி ஸ்வாப்களில் ஒரு பகுதி லண்டனில் எல்சிஹெச் என்ற கிளியரிங் ஹவுஸ் வழியாகப் போயிருந்தது. 66,000-க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள், 9 லட்சம் கோடி டாலர் மதிப்பு. சுமார் மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் கணக்குத் தீர்த்துவிட்டார்கள். லேமன் ஈடாகக் கட்டி வைத்திருந்த மார்ஜின் தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் செலவானது.

கிளியரிங் ஹவுஸ் செய்வது இதைத்தான்: விற்பவருக்கு அதுவே வாங்குபவர், வாங்குபவருக்கு அதுவே விற்பவர். பதிலுக்கு ஒப்பந்தம் போடும்போதே ஒரு தொகையை மார்ஜினாக வாங்கி வைத்துக்கொள்ளும். தினமும் சந்தை விலையைப் பார்த்து, நஷ்டப் பக்கம் இருப்பவரிடம் மேலும் பணம் கேட்கும். ஒருவர் கவிழ்ந்தால் அடுத்தவர் கவிழாமலிருக்க இதுதான் முட்டு.

எனவே 2009 செப்டம்பரில் பிட்ஸ்பர்க்கில் கூடிய ஜி20 தலைவர்கள், ஒரே அச்சில் வார்த்த ஸ்வாப்கள் எல்லாம் 2012 முடிவதற்குள் கிளியரிங் ஹவுஸுக்கு வந்தாக வேண்டும் என்றார்கள். அமெரிக்காவில் அது 2010 ஜூலையில் டாட்–ஃபிராங்க் சட்டமாக வந்தது. சட்டம் எழுதப்படும்போதும், அதன் கீழ் விதிகள் வரையப்படும்போதும் தொழில்துறை என்ன சொன்னது என்பதுதான் கதையின் ருசியான பகுதி.

அமெரிக்க வங்கிகளின் டெரிவேட்டிவ்களில் 95 சதவீதத்துக்கும் மேல் ஐந்தே வங்கிகளின் கையில் இருந்தது. ஆனால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முன்னால் அதிகம் கேட்ட குரல் அவர்களுடையது அல்ல. உற்பத்தியாளர்கள், வர்த்தக சபை, பெரு நிறுவனங்களின் சங்கம் எல்லாம் சேர்ந்து ‘இறுதிப் பயனாளர் கூட்டணி’ என்று ஒன்றை அமைத்தார்கள். அவர்கள் வாதம் சுருக்கமானது: நாங்கள் சூதாடவில்லை, தொழிலைக் காப்பாற்றிக்கொள்கிறோம், எங்களிடம் மார்ஜின் கேட்டால் தொழிற்சாலைக்குப் போக வேண்டிய பணம் அங்கே முடங்கும். 3 சதவீத மார்ஜின் வந்தால் 1 லட்சம் முதல் 1.3 லட்சம் வேலைகள் போகும் என்றது அவர்களே எடுத்த கணக்கெடுப்பு. அந்த எண்ணை நான் அப்படியே விழுங்கமாட்டேன். வாதத்தின் எலும்பு மட்டும் உறுதியானது. ஸ்வாபில் இன்று நஷ்டம் என்றால் நாளைக் காலைக்குள் பணம் கட்ட வேண்டும். அதற்கு ஈடான லாபமோ, மலிவாகக் கிடைத்த எரிபொருளாக மாதக்கணக்கில் மெல்லத்தான் வரும். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் சமம், கல்லாப்பெட்டியில் சமமில்லை.

கூட்டணி ஜெயித்தது. நிதித் துறையைச் சேராத நிறுவனம், தன் தொழில் அபாயத்தைக் காக்கச் செய்யும் ஒப்பந்தத்துக்குக் கிளியரிங் கட்டாயமில்லை என்று சட்டமே விலக்குத் தந்தது. மார்ஜின் கட்ட வேண்டுமா என்று மிஞ்சியிருந்த சந்தேகத்தை, வேண்டாம் என்று 2015 ஜனவரியில் இன்னொரு சட்டம் தீர்த்தது.

தொழில்துறை என்பது ஒரே குரல் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். எண்ணெய் போன்ற சரக்குகளில் ஒருவர் எவ்வளவு ஒப்பந்தம் குவிக்கலாம் என்று வரம்பு கட்டும் பேச்சு வந்தபோது, விமான நிறுவனங்கள் வரம்பின் பக்கம் நின்றன. 2008 ஜூலையிலேயே 12 அமெரிக்க விமான நிறுவனத் தலைவர்கள், எண்ணெய் ஊக வணிகத்தை அடக்குங்கள் என்று காங்கிரஸிடம் கேட்கச் சொல்லித் தங்கள் பயணிகளுக்கே கடிதம் எழுதியிருந்தார்கள். பெரும் வங்கிகளின் சங்கங்களான ஐஎஸ்டிஏவும் சிஃப்மாவும் எதிர்ப்பக்கம். 2011 அக்டோபரில் இந்தச் சந்தையைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் 3–2 வாக்கில் வரம்பு விதியை நிறைவேற்ற, இந்தச் சங்கங்கள் டிசம்பரில் வழக்குப் போட்டன. 2012 செப்டம்பரில் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. மாற்று விதி வர 2020 ஆயிற்று.

வங்கிகள் நேரடியாகவும் வேலை செய்தன. அபாயமான சில ஸ்வாப்களை அரசு காப்பீடு உள்ள வங்கிக்கு வெளியே தள்ள வேண்டும் என்ற பிரிவைத் தளர்த்த 2013-ல் ஒரு மசோதா வந்தது. அதன் 85 வரிகளில் 70-க்கும் மேற்பட்டவை சிட்டிகுரூப் தந்த யோசனைகளையே எதிரொலித்தன என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. 2014 டிசம்பரில் அரசின் செலவுச் சட்டத்துக்குள் அது ஏறிக்கொண்டது.

இறுதிப் பயனாளர்கள் சொன்னது வெறும் பூச்சாண்டியா என்ற கேள்விக்கு 2022-ல் ஐரோப்பாவில் பதில் கிடைத்தது. எரிவாயு விலை வெறி பிடித்து ஏறி மின்சார விலையையும் இழுத்துக்கொண்டு போன அந்த ஆண்டில், தங்கள் மின்சாரத்தை முன்கூட்டியே விற்று வைத்திருந்த மின் நிறுவனங்களுக்குக் கிளியரிங் ஹவுஸ்களிலிருந்து மார்ஜின் கேட்டு அழைப்பு மேல் அழைப்பு. உற்பத்தி செய்யப்போகும் மின்சாரம் இருக்கிறது, கையில் ரொக்கம் இல்லை. பின்லாந்தின் ஃபோர்டம் நிறுவனத்துக்கு அரசே 235 கோடி யூரோ கடன் வசதி தர வேண்டிவந்தது. நவம்பர் மாத இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் விதியைத் தளர்த்தியது: இத்தகைய நிறுவனங்கள் 12 மாதத்துக்கு, ரொக்கத்துக்குப் பதில் வங்கி உத்தரவாதக் கடிதத்தையே மார்ஜினாகக் கொடுக்கலாம். அந்த வங்கி கவிழ்ந்தால் என்ன என்ற கேள்வி மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்து நின்றது.