பழந்தமிழ்ப் புள்ளிக்கு ஓர் எண்

யூனிகோடில் 11070 என்ற பதினறும எண் தமிழ் பிராமியின் புள்ளிக்கு உரியது. 2021 செப்டம்பரில் வெளிவந்த 14ஆம் பதிப்பில் இந்த இடம் அதற்குக் கிடைத்தது.

யூனிகோடு எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் மாறாத ஓர் எண்ணை ஒதுக்குகிறது. வடிவம் தருவது எழுத்துருவின் வேலை. பிராமி 2010 அக்டோபரில், 6.0 பதிப்பில் சேர்ந்தது. தமிழுக்கே உரிய ழ, ற, ன அப்போதே தனி எண் பெற்றன. புள்ளி பெறவில்லை, பொதுப் பிராமியில் மெய்யின் அகரத்தை நீக்கும் விராமக் குறியே அதற்கும் போதும் என்று விடப்பட்டது.

அது போதவில்லை. பிராகிருதமும் சமஸ்கிருதமும் எழுதும் பிராமியில் மெய்கள் அடுத்தடுத்து வந்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும். கணினிக்கு விராமம் என்றால் 'அடுக்கு' என்ற கட்டளை. தமிழிலோ மெய் புள்ளி பெற்றுத் தனியே நிற்கும். தமிழுக்கென்று செய்த எழுத்துருவில் ஒழுங்காகத் தெரிந்த 'ற்ற', வேறு எழுத்துருவில் கூட்டெழுத்தாகிவிடக்கூடும்.

புள்ளிக்கு இன்னொரு பணியும் உண்டு. எகர ஒகரங்கள் புள்ளி பெற்றால் குறில், பெறாவிட்டால் நெடில். தொல்காப்பியம் கூறும் இம்முறை, 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி அடையாளம் தந்த பிறகே மாறியது. உயிரெழுத்தின் பின் விராமம் இடுவது கணினிக்கு ஒவ்வாத ஏற்பாடு. அதனால் குறில் எ, ஒ இரண்டுக்கும் அவற்றின் உயிர்க்குறிகளுக்கும் 14ஆம் பதிப்பு நான்கு எண்களைத் தந்தது. லகரத்தை ஒட்டிப் பிறந்த தமிழ் ளகரம், வடக்கத்திய ளகரத்திலிருந்து வேறுபட்டதால் அதற்கும் ஒன்று.

மாங்குளம் போன்ற தொடக்ககாலக் குகைக் கல்வெட்டுகளில் புள்ளியே கிடையாது. அது பிற்பட்ட வழக்கு. அதனால்தான் ஒரு புள்ளி கல்லிலேயே இருந்ததா, பதிப்பித்தவர் இட்டதா என்பது காலக்கணிப்பில் பெரிய கேள்வி. தனி எண் வந்தபின் கல்லில் உள்ளதை உள்ளபடியே பதிய முடிகிறது.

தமிழ் பிராமியிலிருந்து கிளைத்த வட்டெழுத்துக்கு இன்னும் அந்த வசதி வரவில்லை. பேரிகை, ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் பக்கத்துத் தருமபுரியிலும் பல்லவர் கால நடுகற்கள் பல வட்டெழுத்தில் உள்ளவை. 2025 செப்டம்பரில் வந்த 17ஆம் பதிப்பு வரை வட்டெழுத்துக்குத் தனித் தொகுதி இல்லை. அந்த நடுகற்களின் வாசகங்கள் இன்றைய தமிழ் எழுத்திலேயே தட்டச்சாகின்றன. மூல வடிவத்துக்கு ஒளிப்படமும் மைப்படியுமே கதி.